எரியாத லிமிட்டர் விளக்கும் எரிந்த இரண்டு காயிலும்

ஒரு கோவில் கொடை இரவில் சவுண்ட் சர்வீஸ் ஒன்றுக்கு நேர்ந்ததை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். டிஎஸ்பி (ஒலியை எண்களாக மாற்றிச் சீர்செய்யும் பகுதி) உள்ளேயே இருக்கும் புது ஆம்ப்ளிஃபையர்களை வாங்கி, பழைய அமைப்போடு சேர்த்து ஓட்டிய முதல் நிகழ்ச்சி அது. இதே மாற்றத்தைச் செய்யப்போகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். பெயர்களும் ஊரும் வேண்டாம்.

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில் இருபது ஆண்டுக்கும் மேலாக நடக்கும் நடுத்தர சவுண்ட் சர்வீஸ். கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா எல்லாம் எடுப்பார்கள். உரிமையாளரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். நான் அங்கே வேலை பார்ப்பவன் இல்லை. பெரிய நிகழ்ச்சி என்றால் சிஸ்டம் கட்டிக்கொடுக்கக் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கூப்பிடவில்லை; பக்கத்து ஊர்க் கொடை என்பதால் கூட்டத்தில் ஒருவனாகத்தான் போயிருந்தேன்.

அவர்களிடம் இருந்தது ஒரு பக்கத்துக்கு 2 பேஸ் பாக்ஸ், 2 டாப் (பேஸுக்கு மேலுள்ள ஒலிகளுக்கான பாக்ஸ்). பேஸ் பாக்ஸ் ஒவ்வொன்றிலும் 18 அங்குல வூஃபர், அதாவது பேஸ் ஸ்பீக்கர், இரண்டு. அதை ஆட்டும் கம்பிச் சுருள்தான் காயில். வூஃபர் ஒன்றுக்கு 8 ஓம், தொடர்ந்து தாங்கும் சக்தி 800 வாட். இரண்டும் இணையாக இருப்பதால் பாக்ஸ் 4 ஓம். இவற்றை ஓட்டியவை டிரான்ஸ்ஃபார்மர் வைத்த மூன்று பழைய ஆம்ப்கள். ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மிக்ஸருக்கும் ஆம்புக்கும் நடுவில் தனியாக ஒரு டிஎஸ்பி பெட்டி, அவர்கள் பேச்சில் ‘பிராசஸர்’. பேஸையும் டாப்பையும் 100 ஹெர்ட்ஸில் பிரிப்பது, லிமிட்டர் (ஒலி ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுப்பது), ஈக்வலைசர் எல்லாம் அதற்குள் இருந்தன.

அந்த பிராசஸரை அமைத்தவர் துபாய்க்கு வேலைக்குப் போய்ப் பல ஆண்டாகிறது. நல்ல கைக்காரர். பின்னால் நான் திறந்து பார்த்தபோது பேஸ் வெளியீட்டில் லிமிட்டர் +8 டிபியு என்று இருந்தது. வோல்டில் சொன்னால் 1.95. பழைய ஆம்பின் பெருக்கம் 32 டெசிபல், அதாவது 40 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 78 வோல்ட். 8 ஓம் வூஃபரில் 800 வாட் என்பது 80 வோல்ட். மனிதர் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார். ஆனால் கணக்கை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆம்பை மாற்றினால் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அண்ணாச்சி புது ஆம்ப் வாங்கியதற்கு முதல் காரணம் எடை. தூக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் முதுகு பிடித்துக்கொள்கிறது. பேஸுக்கு 4 சேனல் ஆம்ப் ஒன்று (4 ஓமில் சேனலுக்கு 2400 வாட்), டாப்புக்கு 2 சேனல் ஒன்று. இரண்டிலும் டிஎஸ்பி உண்டு. அது கூடக் கிடைத்த வசதி, அவ்வளவுதான்.

டாப் ஆம்ப் முதலில் வந்தது. விற்றவர்களின் ஆள் நேரில் வந்து செய்து காட்டும்போது ‘டாப்’ என்ற பிரீசெட்டை, அதாவது முன்பே சேமித்த அமைப்பை, ஏற்றிவிட்டுப் போனார். அதில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி, ஆக்டேவுக்கு 24 டெசிபல், இருந்தது. பேஸ் ஆம்ப் ஒரு வாரம் கழித்து லாரி பார்சலில் வந்தது. பெட்டியைப் பிரித்து அப்படியே ரேக்கில் மாட்டினார்கள். கம்பெனியிலிருந்து வந்த நிலையில் அதில் வடிகட்டி இல்லை, லிமிட்டர் முழுக்கத் திறந்து கிடந்தது, பெருக்கம் 38 டெசிபல்.

பிராசஸரை எடுக்கவில்லை. “ஓடிக்கிட்டு இருக்கிறதை ஏன் தொடணும்?” என்றாராம் ஆபரேட்டர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடைக்கு 4 நாள் இருக்கும்போது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மாலை 4 மணி முதல் இரவு 9 வரை

ஒலிச் சோதனையில் பாட்டு போட்டபோது எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அடி பலமாக இருந்தது. புது ஆம்பின் தரம் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது பழையதை விடக் கூடுதலாக வந்த 6 டெசிபல் பெருக்கம். சத்தம் கூடினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. குறைந்திருந்தால் அப்போதே ரேக்கைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

7 மணிக்கு வில்லுப்பாட்டு. வில்லில் கட்டிய மணியும் உடுக்கையும் தெளிவாகக் கேட்டன. குடம்தான் கேட்கவில்லை. குடத்தின் வாயில் மட்டை விழும்போது அடிவயிற்றில் ஒரு இடி இறங்க வேண்டும். இங்கே ‘தப் தப்’ என்று மேலோட்டமான தட்டல்தான் வந்தது. குடம் அடிப்பவர் இடையில் எழுந்து வந்து, “தம்பி, வெளியே நம்ம குடம் பானை மாதிரில்லா கேக்கு” என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. குடத்தில் அந்த இடி 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கிறது.

ஆபரேட்டர் மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸைத் தூக்கினார். கொஞ்சம் கூடியது மாதிரி இருந்தது, ஆனால் இடி வரவில்லை. இன்னும் தூக்கினார். 9 மணிவாக்கில் அந்த ஸ்லைடர் +9 டெசிபலில் நின்றது. இடையிடையே பிராசஸரின் லிமிட்டர் விளக்கைப் பார்த்துக்கொண்டார். அது எரியவே இல்லை. ஆகவே இடம் இருக்கிறது என்று நினைத்தார்.

குடம் தொலைந்ததை நானும் கேட்டேன். ஏழரை மணிக்கே தெரிந்தது. அடுத்தவன் மிக்ஸரில் போய் மூக்கை நுழைப்பது நம் தொழிலில் மரியாதை இல்லை என்பதால் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டேன். இந்தப் பதிவில் என் பங்கும் இருக்கிறது.

இரவு 9 முதல் நள்ளிரவு வரை

9 மணிக்கு இன்னிசைக் கச்சேரி. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழா நாள்களில், ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு இடம் உண்டு. அன்றைக்கு 12 வரை அனுமதி. எனவே குத்துப்பாட்டுகளை எல்லாம் கடைசி 2 மணி நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

10 மணிக்கு மேல் பேஸ் மெல்ல மெல்லச் சோர்ந்தது. இதற்கும் காரணம் உண்டு. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம் கூடும். காயில் 200 டிகிரி சூடேறினால் தடை ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிவிடும். அதே வோல்ட்டுக்கு உள்ளே போகும் சக்தி குறைந்து சத்தம் குறையும். இது ஸ்பீக்கர் கொடுக்கும் கடைசி எச்சரிக்கை. வெளியே நிற்பவனுக்கோ ‘பேஸ் பத்தலை’ என்றுதான் கேட்கும். கூட்டத்திலிருந்தும் அந்தக் குரல் வந்தது. ஆபரேட்டர் பேஸ் ஃபேடரை மேலே தள்ளினார்.

10:40 இருக்கும். இடப்பக்கம் சட்டென்று இளைத்தது. மேடைக்கு அருகே வார்னிஷ் கருகும் வாசம். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி என்னைக் கூட்டத்தில் தேடிப் பிடித்தார்.

எல்லோரும் முதலில் கை காட்டியது ஜெனரேட்டரை. பாவம், எந்தக் கொடையிலும் முதல் குற்றவாளி ஜெனரேட்டர்காரர்தான். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 226 வோல்ட், சுமை ஏறும்போதும் 220-க்குக் கீழே இறங்கவில்லை. அவரை விட்டுவிட்டோம். மேடைக்குப் பின்னால் ரேக்கைப் பார்த்தால் பேஸ் ஆம்பின் நான்கு சேனலிலும் கிளிப் விளக்கு (ஆம்ப் தன் எல்லையை முட்டுவதைக் காட்டுவது) அடிக்கு அடி சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து 25 மீட்டர் தள்ளி, தார்ப்பாய்க்குப் பின்னால். யாருக்குத் தெரியும்?

பாட்டு முடிந்த இடைவெளியில் இடப்பக்கப் பேஸ் பாக்ஸ்களின் ஒயரைக் கழற்றி ஓம் பார்த்தோம். நல்ல பாக்ஸ் சுமார் 3 ஓம் காட்டியது. மற்றதில் மீட்டர் அசையவே இல்லை. இரண்டு காயிலும் போய்விட்டன. ஏற்கெனவே ஒருமுறை காயில் கட்டிய பழைய வூஃபர்கள் அவை. நான்கு பாக்ஸுக்கும் ஒரே அடிதான் விழுந்தது. வலு குறைந்தது முதலில் விழுந்துவிட்டது.

அந்த நேரத்தில் எடுத்த முடிவுகள் எளியவை. செத்த பாக்ஸை நிறுத்தினோம். வலப்பக்கத்தில் ஒன்றையும் நிறுத்தலாமா என்று பேச்சு வந்தது; வேண்டாம் என்றேன். இருக்கும் மூன்றில் வேலையைக் குறைப்பதுதான் முக்கியம், இடம் வலம் சமமாக இருப்பது அல்ல. பேஸ் ஆம்பின் முன்பக்கத்தில் எல்லாச் சேனலையும் 6 டெசிபல் இறக்கினேன். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸைச் சமநிலைக்குக் கொண்டுவந்தோம். பிரீசெட்டைத் தொடவில்லை. காரணம் என்னவென்று தெரியாமல் நிகழ்ச்சி நடுவில் டிஎஸ்பி மெனுவுக்குள் போவதில்லை என்பது என் வழக்கம். பேஸ் சுமார்தான் என்றாலும் 12 மணி வரை ஓடியது. காசு குறைத்துத் தருகிறோம் என்று ஊர்க்காரர்கள் சொன்னதாகக் கேள்வி. அது அண்ணாச்சிக்கும் அவர்களுக்கும் இடையில்.

குடோனில் சோதனை

இரண்டு நாள் கழித்து குடோன் வாசலில் எல்லாவற்றையும் விரித்தோம். முதலில் பெருக்கம். 60 ஹெர்ட்ஸ் ஒலியை 0.1 வோல்ட்டில் உள்ளே கொடுத்து, பாக்ஸ் மாட்டாமல் வெளியே மல்டிமீட்டரில் பார்த்தோம். சாதாரண மல்டிமீட்டர் கரன்ட் அலைவரிசையை ஒட்டி, அதாவது 50, 60 ஹெர்ட்ஸில், சரியாகக் காட்டும். மேலே போகப்போக நம்ப முடியாது. பழைய ஆம்ப் 4 வோல்ட் காட்டியது. புதியது 7.9.

அந்த ஒரு அளவிலேயே பாதிக் கதை தெரிந்துவிட்டது. 38 டெசிபல் என்றால் ஏறத்தாழ 79 மடங்கு. பிராசஸர் லிமிட்டர் 1.95 வோல்ட் வரை விடும். ஆம்பில் அது 150 வோல்ட்டுக்கு மேல். ஆனால் 4 ஓமில் 2400 வாட் ஆம்பால் 98 வோல்ட்தான் தர முடியும். உள்ளே 1.23 வோல்ட் வந்தாலே அது கிளிப் ஆகத் தொடங்கிவிடும். லிமிட்டர் விழிக்கும் முன்பே ஆம்ப் தலை முட்டி நிற்கிறது. ஆபரேட்டர் நம்பிய விளக்கு எரிய வேண்டுமென்றால் ஆம்ப் கிளிப் ஆன பிறகும் இன்னும் 4 டெசிபல் தள்ள வேண்டும். 98 வோல்ட்டில் வூஃபர் ஒன்றுக்கு 1200 வாட், அதுவும் சுத்தமான அலைக்கு. கிளிப் ஆகி அலையின் உச்சி தட்டையாகும்போது இன்னும் கூடும். தாங்குவது 800.

மீதிக் கதை குடத்தில் இருந்தது. அளவீட்டு மைக்கை வைத்து டாப்பையும் பேஸையும் சேர்த்து ஓட்டினோம். 100 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், ஆள் இறங்கிக் குளிக்கலாம் போல. காரணம், டாப்புக்கு வெட்டு இரண்டு முறை விழுந்திருக்கிறது: பிராசஸரில் ஒன்று, ஆம்பில் ஒன்று. பேஸுக்கு பிராசஸரில் மட்டும்.

லிங்க்விட்ஸ்–ரைலி என்ற வகை 24 டெசிபல் வடிகட்டியில், பிரியும் அலைவரிசையில் பேஸ் பாதி, டாப் பாதி. இரண்டும் ஒரே கட்டத்தில், அதாவது இரண்டு அலையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கி, நிற்பதால் சேர்ந்தால் முழுசு. டாப்புக்கு அதே வடிகட்டி மறுபடி விழுந்தால் பாதி, கால் ஆகிறது. அது மட்டுமில்லை, கட்டம் இன்னும் அரைச் சுற்று சுற்றி பேஸுக்கு நேர் எதிராக நிற்கும். பாதியிலிருந்து கால் போனால் கால்தான் மிச்சம்: 12 டெசிபல் பள்ளம். சோதிக்க டாப்பின் துருவத்தை மாற்றினோம். கணக்குப்படி பாதியும் காலும் சேர்ந்து முக்கால், 2.5 டெசிபல் பள்ளம்தான் இருக்க வேண்டும். திரையில் சுமார் 9 டெசிபல் மேலே வந்தது. கணக்கும் மைக்கும் ஒத்துப்போன அந்த நிமிடத்தில் ஆபரேட்டர் முகத்தில் ஒரு நிம்மதி. தன் காது பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததே போதும் அவருக்கு.

ஒன்றை ஒன்று அழிக்கும் இடத்தில் ஈக்வலைசரைத் தூக்கினால் அழிக்கிறவையும் சேர்ந்துதான் ஏறும். அழிப்பு அப்படியே தொடரும். 9 டெசிபல் என்பது 8 மடங்கு சக்தி. அதை வாங்கிக்கொண்டது பேஸ் ஆம்ப். ஏற்கெனவே 6 டெசிபல் கூடுதலாகக் கிடந்த ஆம்ப், லிமிட்டரும் இல்லாமல். டாப்பில் விழுந்த தவறுக்கு பேஸ் காயில் செத்தது. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் அன்றைய இரவு சுமாரான சவுண்ட் என்ற பேச்சோடு முடிந்திருக்கும்.

எதை எங்கே வைப்பது

இங்கேதான் வாதம் நடந்தது. பிராசஸரைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஆம்புக்குள்ளேயே வைக்கலாம் என்பது என் முதல் யோசனை. ஒயர் குறையும், பழுதாக ஒரு பெட்டி குறையும். ஆபரேட்டர் மறுத்தார். “ராத்திரி பத்து மணிக்கு ஆம்ப் போச்சுன்னா பழசைத்தானே மாட்டுவோம்? அதுல டிஎஸ்பி கிடையாதே. டாப்புக்கு முழு பேஸும் போயிடுமே” என்றார். சரிதான். உதிரி ஆம்ப் எது என்பதை நான் யோசிக்கவே இல்லை. டாப்பில் இருக்கும் ஹார்னும் 15 அங்குலமும் வெட்டு இல்லாமல் ஒரு பாட்டுகூடத் தாங்காது.

ஆகவே கிராஸ்ஓவர் (பேஸையும் டாப்பையும் பிரிக்கும் வெட்டு), ஈக்வலைசர், டிலே (தாமதம்) மூன்றும் பிராசஸரில் மட்டும். ஆம்பில் அவை அத்தனையும் நீக்கப்பட்டன. லிமிட்டர் ஆம்பில். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே இருக்கும் லிமிட்டருக்கு ஆம்பின் பெருக்கம் என்னவென்று தெரியாது. யாராவது ஒரு குமிழைத் திருப்பினால் அதன் கணக்கு பொய்யாகிவிடும். ஆம்புக்குள் இருக்கும் லிமிட்டருக்குத் தன் வாயிலிருந்து எத்தனை வோல்ட் போகிறது என்று தெரியும். உள்ளே வந்த டிஎஸ்பியால் உண்மையான லாபம் என்று நான் சொல்வது இதை ஒன்றைத்தான். மற்றதெல்லாம் எந்தப் பெட்டியில் இருந்தாலும் ஒன்றே.

எல்லா ஆம்பையும் 32 டெசிபலுக்கு இறக்கினோம். புதியதும் உதிரியும் ஒரே பெருக்கம். அப்போது பிராசஸரில் பழைய +8 டிபியு மறுபடியும் பொருள் உள்ள எண்ணாகிவிட்டது. அதையும் இரண்டாவது தடுப்பாக விட்டுவைத்தோம். துபாய்க்காரர் கணக்கு வீண்போகவில்லை.

ஆம்பில் பேஸுக்கு மெதுவாக வேலை செய்யும் சராசரி லிமிட்டர் 70 வோல்ட், உச்ச லிமிட்டர் 130 வோல்ட். 80 வரை வைக்கலாமே என்று அண்ணாச்சி கேட்டார். உள்ளூரில் கட்டும் காயிலை அசல் காயிலாக நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. 70 வோல்ட்டில் வூஃபருக்கு 612 வாட். 80-க்கும் 70-க்கும் வித்தியாசம் 1.2 டெசிபல்தான், கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

எண்களை நிரப்பும்போது ஒரு பொறி தென்பட்டது. ஆம்பின் திரை வாட்டும் ஓமும் கேட்கிறது. ஒரு பாக்ஸ் 1600 வாட், 4 ஓம் என்று கொடுத்தால் 80 வோல்ட் வரும். பழக்கத்தில் வூஃபரின் 8 ஓமைக் கொடுத்துவிட்டால் 113 வோல்ட். அண்ணாச்சி முதலில் அதைத்தான் அடித்தார். பிறகு திரையில் வோல்ட் கணக்குக்கு மாறிக்கொண்டோம். இணையாக எத்தனை வூஃபர் மாட்டினாலும் வோல்ட் மாறாது என்பதால் ஆளுக்கு ஆள் குழம்ப வழி குறைவு.

இன்னொன்று நாங்கள் தேடாமலே கிடைத்தது. புது ஆம்பில் வடிகட்டி எதுவும் இல்லாத நிலையிலும் உள்ளே போன ஒலி 1.5 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் வெளியே வருகிறது. பழைய ஆம்பில் தாமதம் இல்லை. பேஸுக்கும் டாப்புக்கும் நடுவே 100 ஹெர்ட்ஸில் இது 54 டிகிரி, ஏறத்தாழ ஒரு டெசிபல் இழப்பு, கவலைப்படத் தேவையில்லை. ஆனால் ஒரே பக்கத்தில் நிற்கும் 2 டாப்பில் ஒன்று புது ஆம்பிலும் மற்றது உதிரியிலும் ஓடினால் முதல் பள்ளம் 333 ஹெர்ட்ஸில் விழும். பாடுபவரின் குரல் அங்கேதான் இருக்கிறது. எனவே உதிரியை மாட்டும்போது ஒரு பக்கத்து டாப் இரண்டையும் அதிலேயே மாட்ட வேண்டும். பிராசஸரில் ‘உதிரி’ என்ற பெயரில் அந்த வெளியீட்டுக்கு 1.5 மில்லிசெகண்ட் டிலே சேர்த்த பிரீசெட் ஒன்றையும் சேமித்தோம்.

பின்பு நடந்தவை

எரிந்த 2 வூஃபரும் காயில் கட்டி வந்தன. அடுத்த 5 மாதத்தில் மழையில் நின்றுபோன ஒன்றைத் தவிர எல்லா நிகழ்ச்சியும் இதே அமைப்பில் ஓடின. காயில் எதுவும் போகவில்லை. ஒருமுறை டாப் ஆம்ப் நிகழ்ச்சி நடுவில் நின்றது. உதிரியை மாட்டி ‘உதிரி’ பிரீசெட்டைப் போட 4 நிமிடம் ஆனது என்று ஆபரேட்டர் போனில் பெருமையாகச் சொன்னார். அடுத்த கொடையில் அதே வில்லுப்பாட்டுக் குழு வந்தது. குடக்காரர் இந்த முறை எழுந்து வரவில்லை.

சண்டையும் ஒன்று நடந்தது. ஆம்பின் முன்பக்கத்தை அண்ணாச்சி கடவு எண் போட்டுப் பூட்டிவிட்டார். ஒரு கல்யாணத்தில் அவர் இல்லாதபோது ஒரு சேனலை மியூட் செய்ய முடியாமல் பையன்கள் தவித்துவிட்டார்கள். இப்போது பூட்டு இருக்கிறது, மியூட்டுக்கு மட்டும் திறப்பு.

மறுபடி செய்தால்

புது ஆம்பை நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகும் முன் ஒரு முழு நாள் குடோனில் வைத்திருப்போம். பெட்டியைப் பிரித்ததும் பெருக்கத்தை அளப்போம். மல்டிமீட்டரும் போனில் ஒரு 60 ஹெர்ட்ஸ் ஒலியும் போதும், 10 நிமிட வேலை. விற்றவர் ஏற்றிக் காட்டிய பிரீசெட்டை அழித்துவிட்டுத்தான் ரேக்கில் மாட்டுவோம். கிளிப் விளக்கு ஆபரேட்டர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். முடியாத மேடைகளில் ரேக் பக்கம் ஒரு பையனை நிறுத்துவோம், அவனுக்கு அந்த ஒரு விளக்குதான் வேலை.

எண்களை ரேக் கதவின் உள்பக்கம் வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: எந்த வேலை எந்தப் பெட்டியில், எத்தனை டெசிபல், எத்தனை வோல்ட், எழுதிய தேதி. முதல் மழையிலேயே மை கலைந்துவிட்டது. இப்போது பெயின்ட் மார்க்கர்.

காயில் கட்டிய இரண்டு வூஃபரும் மற்ற ஆறோடு ஒத்துப்போகவில்லை. ஓம் கொஞ்சம் குறைவாகவே காட்டுகின்றன. அதனால் இரண்டையும் ஒரே பாக்ஸில் போட்டு, அந்தப் பாக்ஸுக்கு 4-ஆவது சேனல் மட்டும், லிமிட்டர் 65 வோல்ட் என்று வைத்திருக்கிறோம். மூலையில் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கும். அதை வேறு சேனலில் மாட்டுவதில்லை.